தாடிக்கும் மான்முடிக்கும்: இருபுறக் கூர் பிளேடுகள் பற்றிய ஒரு மதிப்பீடு

மெல்லிய காகித உறைக்குள் வரும் இருபுறக் கூர் பிளேடு முகச்சவரத்துக்காகச் செய்யப்பட்டது. ஆனால், தூண்டில் முள்ளில் இறகும் முடியும் நூலும் சுற்றி, மீனைக் கவரும் செயற்கை ஈ கட்டுகிறவர்களின் மேசையிலும் அது நெடுங்காலமாக இருந்துவருகிறது. இவ்விரண்டு பழக்கங்களும் உள்ளவர்கள் ஒரே பெட்டியை வாங்கி இரண்டு வேலைகளையும் முடித்துக்கொள்ளலாமே என்று நினைப்பது இயல்பு. நானும் இரண்டுக்கும் இந்தப் பிளேடுகளையே பயன்படுத்துகிறவன் என்பதால், என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கன்னத்துக்கு இதமான பிளேடு, ஈயின் தலையைச் செய்ய உதவும் மான்முடிக்குப் போதிய வேகம் காட்டுவதில்லை. மான்முடியைச் சீவுவதில் கெட்டிக்காரத்தனம் காட்டும் பிளேடு பலருடைய தொண்டைப் பகுதிக்குச் சற்று முரடானது. ஆகவே இரண்டு வகை வாங்குவதே நல்லது. எந்த இரண்டு என்பதைத் தீர்மானிக்கப் பிளேடின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு பிளேடு ஏறத்தாழ 43 மில்லிமீட்டர் நீளமும் 22 மில்லிமீட்டர் அகலமும் உடையது. தடிமனோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு மெல்லிய எஃகுத் தகட்டைக் கடினமாக்கிக் கூரேற்றுவது ஆகாத காரியம் என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. கிங் கேம்ப் ஜில்லெட்டின் யோசனைக்கு இயந்திர வடிவம் தந்து அதை ஆகும் காரியமாக்கியவர் வில்லியம் நிக்கர்சன். 1901-ல் நிறுவனம் தொடங்கியது. விற்பனை தொடங்கிய 1903-ல் போன சரக்கு 51 ரேசர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே. 1904 நவம்பரில் காப்புரிமை கிடைத்தது, அந்த ஆண்டிலேயே விற்பனை பல்லாயிரங்களைத் தொட்டது. அன்று ஊன்றிய அளவுமுறை அடிப்படையில் இன்றுவரை மாறாததால், எந்த நாட்டில் செய்த பிளேடும் எந்த நாட்டு ரேசரிலும் பொருந்துகிறது. வாங்குகிறவருக்கு இது பெரிய சுதந்திரம். ஒரு பெயர் பிடிக்கவில்லையென்றால் அடுத்த பெயருக்குப் போக ரேசரை மாற்ற வேண்டியதில்லை.

பழைய பிளேடுகளில் மூன்று வட்டத் துளைகள் மட்டுமே இருந்தன; பின்னர் நடுவே நீளவாக்கில் ஒரு பிளவு வந்தது. சவரத்துக்கு இந்தப் பிளவால் விளையும் வேறுபாட்டை நாம் உணர்வதில்லை. ஈ கட்டுகிறவருக்கோ இதுவே பிளேடின் மிக முக்கியமான உறுப்பு. பிளவின் இரு முனைகளிலும் சிறு உலோக இணைப்புகள் மட்டுமே மிஞ்சியிருப்பதால், பிளேடை நீளவாக்கில் மடித்தால் அவை இரண்டும் ஒடிந்து, ஒற்றைக் கூர் கொண்ட இரண்டு பாதிகள் கிடைத்துவிடுகின்றன. உறையைப் பிரிக்காமல், கூர்ப்பக்கங்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி வரும்படி மடித்து ஒடிப்பதே முறை. காகிதம் விரலைக் காக்கும், ஒடியும்போது தெறிக்கும் துணுக்கையும் பிடித்துவைக்கும். இந்த இடத்திலேயே பிளேடுக்குப் பிளேடு வித்தியாசம் தெரியத் தொடங்குகிறது. சில பிளேடுகள் ஒரே மடிப்பில் டக்கென்று ஒடிந்து, ஒடிந்த ஓரம் நேராக இருக்கும். சில முதலில் வளைந்து, மறுபடியும் மடித்த பிறகே ஒடிந்து, கொக்கி போன்ற ஒரு பிசிரை விட்டுச்செல்லும். அந்தப் பிசிர் மான்முடிக்குள் நுழைந்தால், சீவ வேண்டிய இடத்தைத் தாண்டிக் கீழே கட்டியிருக்கும் நூலைத் தொட்டுவிடும். நூலில் ஒரு கீறல் விழுந்தாலே அதுவரை செய்த வேலை முழுவதும் அவிழ்ந்துபோகும் அபாயம் உண்டு.

மான்முடிக்குக் கத்தரிக்கோல் இருக்கப் பிளேடு எதற்கு என்று கேட்கலாம். மானின் உடல்முடி உள்ளே காற்றறைகள் நிறைந்தது. ஒரு கற்றையை முள்ளின் தண்டில் வைத்து, நூலை இரண்டு சுற்று தளர்வாகச் சுற்றி இறுக்கினால், நூல் அழுத்தும் இடத்தில் முடி நசுங்கி, மற்ற பகுதி குடை விரிவதைப் போல நாலாபுறமும் விரியும். ஒரு கற்றையின் முன்னால் இன்னொன்றாகக் கட்டி, ஒவ்வொன்றையும் பின்னோக்கி நெருக்கித் தள்ளிக்கொண்டே வந்தால், கடைசியில் முள்ளின் மேல் அடர்த்தியான ஒரு முடிப்பந்து உட்கார்ந்திருக்கும். இதைச் செதுக்கித்தான் மிதக்கும் தவளை, எலி, நீர்ப்பரப்பில் சத்தமெழுப்பும் பாப்பர், தலை பருத்த மட்லர் மின்னோ முதலியவற்றைச் செய்கிறார்கள். 1930-களில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள நிப்பிகன் ஆற்று டிரவுட் மீன்களுக்காக டான் கேப்பன் உருவாக்கிய மட்லர், மான்முடித் தலைக்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளும் காற்றறையுள்ள முடியை முதலில் நசுக்கி, பிறகே வெட்டுவதால், வெட்டிய பரப்பு படிக்கட்டாக நிற்கும். நல்ல பிளேடு முடியை நசுக்காமல் அறுப்பதால், பரப்பு வெல்வெட் துணிபோல் ஒரே சீராக அமைகிறது. அடர்த்தி கூடக் கூட இந்த வேறுபாடும் கூடுகிறது. நன்றாக நெருக்கிக் கட்டிய தலையைக் கத்தரிக்கோலால் உருண்டையாக்க முயல்வது வீண் உழைப்பு.

சீவும் முறையையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிளேடின் குணம் இதில்தான் வெளிப்படுகிறது. கட்டி முடித்ததும் முடிப்பந்தைச் சிறிது நேரம் நீராவியில் காட்டினால், அமுங்கிக் கிடந்த இழைகள் நிமிர்ந்துகொள்ளும். முதல் வெட்டு அடிப்பக்கத்தில், தண்டுக்கு இணையாக, தட்டையாக விழ வேண்டும். முள்ளின் வாய் அடைபடாமல் இருந்தால்தான் மீனின் வாயில் முள் பதியும். அதன் பிறகு பாதிப் பிளேடின் இரு முனைகளையும் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பிடித்து, மெல்ல அழுத்தினால் அது வில்லாக வளைகிறது. எவ்வளவு வளைக்கிறோமோ அவ்வளவு உருண்டையாகத் தலை அமையும். அழுத்தத்தைக் குறைத்தால் மட்டமான வெட்டு கிடைக்கும். கத்தரிக்கோலால் செய்யவே முடியாத காரியம் இது. பிளேடைத் தள்ளாமல், ரம்பம்போல் முன்னும் பின்னும் மிகச் சிறிதாக இழுத்தபடி நகர்த்தினால் அது தானாகவே இறங்கும். இறங்காமல் முடியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினால், பிளேடு தன் வேலையை முடித்துவிட்டது என்று பொருள். அப்போது அழுத்திப் பார்க்கக் கூடாது, மற்ற பாதியை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேலைக்கு என் முதல் தேர்வு ஃபெதர். வாள் செய்வதற்குப் பேர்போன ஜப்பானின் செக்கி நகரில் 1932-ல் தொடங்கிய நிறுவனத்தின் பிளேடு இது. சந்தையிலுள்ள பிளேடுகளில் முதல் வெட்டின் கூர்மைக்கு இதையே அளவுகோலாகப் பலரும் வைக்கிறார்கள். அடர்ந்த மான்முடியில் இது இறங்கும்போது கையில் எதிர்ப்பே தெரிவதில்லை. இரண்டாவதாகப் பர்சோனாவைச் சொல்வேன். அதன் முதல் வெட்டு ஃபெதர் அளவுக்கு ஆவேசமானதில்லை என்றாலும், வளைவைச் சீராகத் தாங்குகிறது. நுண்ணிய வேலையில், கை எங்கே நிற்கிறது என்பதை உணர அந்தச் சிறு எதிர்ப்பே உதவுகிறது. புதிதாக மான்முடி பழகுகிறவருக்கு ஃபெதரைவிட இதையே சிபாரிசு செய்வேன். நூலுக்கு அருகே போகும்போது கையை நிறுத்த ஒரு நொடி அவகாசம் கிடைக்கும்.

ஒடிப்பதற்கே தயங்குகிறவர்களுக்கு வேறு வழியும் உண்டு. முடிதிருத்துவோர் பயன்படுத்தும், பிளேடு மாற்றக்கூடிய மடக்குக் கத்திகளுக்காக ஆலையிலேயே பாதியாக்கி விற்கப்படும் பிளேடுகள் கிடைக்கின்றன. துருக்கியின் டெர்பி உட்படப் பல நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. ஓரம் நேராக இருக்கும், பிசிர் இருக்காது, ஒவ்வொரு பாதியும் தனி உறையில் வரும். ஈ கட்டும் வேலைக்கு மட்டும் பிளேடு வேண்டுமென்றால் இதைவிட வசதியான சரக்கு இல்லை. இதற்கு மாறாக, மீன்பிடி சாமான் விற்கும் கடைகளில் மான்முடிக்கென்றே தனி அட்டையில் வைத்து விற்கும் பிளேடுகளில் பல, வெறும் சவர பிளேடுகளே. உறையை மாற்றியதற்குத் தரும் கூடுதல் காசுக்கு எஃகில் எந்த மாற்றமும் இருக்காது. முதுகில் தடித்த உலோகப் பட்டி வைத்த ஒற்றைக் கூர் பிளேடுகள் வேறு ரகம். முயல் தோலை உட்புறத்திலிருந்து கீற்றுகளாக அறுக்கவும், நுரைத் தகட்டை நறுக்கவும் அவை மிகப் பொருத்தம், ஆனால் வளையாது என்பதால் உருண்டைத் தலைக்கு உதவா.

மென்மையான முடி எப்படி எஃகை இவ்வளவு சீக்கிரம் மழுக்குகிறது என்ற கேள்விக்கு 2020-ல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் ஒரு நல்ல விடை தந்தார்கள். முடி பிளேடு எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. ஆகவே கூர் மெல்ல மெல்லத் தேய்ந்து உருண்டுபோகிறது என்றே எதிர்பார்ப்போம். மின்னணு நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, கூர்முனையில் சிறு சிறு சில்லுகள் பெயர்ந்திருந்தன. முடி வளைய இடமிருந்து, பிளேடுக்குச் சாய்வாக நின்று, எஃகின் உள்ளமைப்பு சீரற்றிருக்கும் ஓரிடத்தை அது தொடும்போது, அந்த இடத்தில் அழுத்தம் குவிந்து சில்லு பெயர்கிறது. என் மேசையில் காண்பதும் இதற்கு ஒத்துப்போகிறது. முள்ளில் விரிந்து நிற்கும் மான்முடி ஒவ்வொன்றும் வேறு வேறு கோணத்தில் நிற்கிறது, வளைய நிறைய இடமும் இருக்கிறது. ஒரு பெரிய பாப்பர் தலையைச் சீவி முடிப்பதற்குள் பாதிப் பிளேடின் நடுப்பகுதி சுணங்கிவிடும். எனவே ஒரு பிளேடு எத்தனை ஈக்களுக்கு வரும் என்று கணக்குப் போட்டுச் சிக்கனம் பிடிப்பது இந்தத் தொழிலுக்கு ஒத்துவராது. முரட்டு வடிவத்தை ஒரு பாதியால் கொண்டுவந்துவிட்டு, கடைசி மெருகுக்குப் புதிய பாதியை எடுப்பதே என் வழக்கம்.

முகத்துக்கு வருவோம். இங்கே கூர்மை மட்டும் போதாது. அந்தக் கூர்மையைத் தோல் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்றைய பிளேடு எஃகில் ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் இருக்கிறது. சாணை பிடித்த பிறகு கூரின் மேல் பிளாட்டினம், குரோமியம் போன்ற உலோகங்களின் மிக மெல்லிய பூச்சும், அதற்கும் மேலே வழுக்கலுக்காக டெஃப்லான் வகைப் பூச்சும் வருகின்றன. உறைமேல் பெரிய எழுத்தில் பிளாட்டினம் என்று இருப்பதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை; கூரில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் அந்த வழுக்கல் பூச்சின் பங்கு பெரிது. 1960-களின் தொடக்கத்தில் வில்கின்சன் ஸ்வார்டின் துருப்பிடிக்காத எஃகுப் பிளேடு வந்து சந்தையைப் புரட்டிப்போட்டதற்கு, துரு ஏறாததோடு இந்தப் பூச்சு தந்த இதமும் காரணம். பூச்சில்லாத பழைய கார்பன் எஃகுப் பிளேடு முதல் சவரத்துக்கு அருமையாக இருந்தாலும், ஈரத்தோடு விட்டால் மறுநாளே அதன் ஓரத்தில் பழுப்பு படரும்.

அன்றாடச் சவரத்துக்கு எனக்கு மிகவும் பிடித்தவை ஆஸ்ட்ராவின் பச்சை நிறப் பெட்டியும் ஜில்லெட் சில்வர் புளூவும். இரண்டும் மிகையான கூர்மை காட்டாமல், முதல் சவரத்துக்கும் மூன்றாவது சவரத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லாமல் உழைக்கின்றன. முடி வளரும் திசையில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை வழித்தால் தாடை வழுவழுப்பாகிவிடும். டெர்பி இவற்றைவிடச் சாது. மெல்லிய தாடியும் எளிதில் சிவக்கும் தோலும் உள்ளவர்களுக்கு அது ஏற்றது. முரட்டுத் தாடிக்கு அது போதாது, இரண்டு மூன்று முறை மேலே மேலே வழிக்க நேர்ந்து, அதனாலேயே எரிச்சல் வரும். ஃபெதரை முகத்தில் வைக்க விரும்புகிறவர்கள், பிளேடு அதிகம் வெளியே நீட்டாத சாதுவான ரேசரில் பொருத்தி, தோலுக்கு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில், கைப்பிடியின் எடை மட்டுமே இறங்கும்படி விட வேண்டும். அப்படிச் செய்தால் அதைப்போல் சுத்தமாக வழிக்கும் பிளேடு வேறில்லை; அழுத்தினால் தொண்டைக் குமிழின் மேல் ரத்தப்புள்ளிகள் நிச்சயம். எனக்கு அது வாரம் ஒருமுறை நிதானமாகச் சவரம் செய்யும் நாளுக்கு உரியது, அவசரமான காலைகளுக்கு உரியதன்று.

பிளேடைச் சோதிக்கச் சிறந்த கருவி படிகாரம். சவரம் முடிந்ததும் ஈர முகத்தில் படிகாரக் கட்டியைத் தேய்த்தால், பிளேடு தோலைச் சுரண்டிய இடங்களெல்லாம் சுரீரென்று சொல்லிவிடும். கண்ணாடியில் சுத்தமாகத் தெரியும் சவரம்கூடப் படிகாரத்திடம் தோற்றுப்போவதுண்டு. சோப்பையும் ரேசரையும் மாற்றாமல் பிளேடை மட்டும் மாற்றி, இந்த எரிச்சலை ஒப்பிட்டால்தான் நேர்மையான தீர்ப்பு கிடைக்கும். ஒரே நேரத்தில் மூன்றையும் மாற்றிவிட்டுப் பிளேடைக் குறைசொல்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஒருவர் புகழும் பிளேடு இன்னொருவருக்கு ஆகாமல் போவதும் இத்துறையில் சாதாரணம், தாடியும் தோலும் ஆளுக்கு ஆள் அவ்வளவு வேறுபடுகின்றன. என் பட்டியலையும் அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முகத்தில் பயன்படுத்தி முடித்த பிளேடை மேசைக்கு அனுப்பலாமா? நூல் நறுக்க, நுரைத் தகட்டில் கோடு போட, பிசகிய ஈயை முள்ளிலிருந்து வழித்தெடுக்க அது தாராளமாகப் போதும். சாதாரணக் கத்தரிக்கோலுக்கு மசியாத ஜிஎஸ்பி எனும் மிக வலுவான பாலிஎத்திலீன் நூலைக்கூட இழுத்துப் பிடித்தால் பழைய பிளேடு அறுத்துவிடும். மான்முடிக்கு மட்டும் அது ஆகாது. நாலு சவரம் கண்ட கூர் அடர்ந்த முடியில் சிக்கிக்கொள்ளும். எதிர்த்திசைப் பயணம் எக்காரணம் கொண்டும் கூடாது. மேசையில் ஒருமுறை புழங்கிய பிளேடில் சாயமும் வார்னிஷும் விலங்குத் தோலின் கொழுப்பும் ஒட்டியிருக்கும்; அதை முகத்தில் வைப்பது தொற்றை வரவேற்பதற்குச் சமம். இரண்டு வகைகளையும் வேறு வேறு நிறப் பெட்டிகளில் வைத்தால் குழப்பம் வராது.

வாங்கும் முறையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கசப்பையும் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம், பேர்போன ஒரு வகையின் 100 பிளேடுகள் கொண்ட பெட்டியை வாங்கினேன். உறையின் அச்சு லேசாக மங்கியிருந்தது, மடிப்புகள் ஒரே சீராக இல்லை, பிளேடு நகராமல் இருக்க வைக்கும் மெழுகுப்புள்ளி கூர்வரை வழிந்திருந்தது. முகத்தில் வைத்ததும் சந்தேகம் தீர்ந்தது. முதல் இழுப்பிலேயே முடியைப் பிடுங்கியது. பெயர் மட்டும் அசலாக இருந்த போலிச் சரக்கு அது, பணத்தைத் திரும்பப் பெறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆகவே புதிய விற்பனையாளரிடம் முதலில் ஐந்து அல்லது பத்து பிளேடுகள் கொண்ட சிறு பெட்டியை மட்டும் வாங்கிப் பாருங்கள். பல வகைகளிலிருந்து சில பிளேடுகளைச் சேர்த்துத் தரும் மாதிரித் தொகுப்பு கிடைத்தால், தொடங்குகிறவர்களுக்கு அதுவே மிகச் சிறந்த செலவு. பிடித்த வகை எது என்று தெரிந்த பிறகு பெரிய பெட்டியாக வாங்கினால் ஒரு பிளேடுக்கு ஆகும் விலை வெகுவாகக் குறையும். துருப்பிடிக்காத எஃகு என்பதால் உறையோடு உலர்ந்த இடத்தில் பல ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். ஒரே பெயரில் வெவ்வேறு நாட்டு ஆலைகளில் செய்யப்படும் பிளேடுகளும் உண்டு என்பதால், மறுமுறை வாங்கும்போது பெட்டியின் பின்புறத்தில் தயாரிப்பு நாடு மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

சவரம் முடிந்ததும் பிளேடைத் துணியால் துடைக்காதீர்கள். பூச்சும் போகும், விரலும் போகும். நீரில் அலசி உதறி, ரேசரைத் திறந்தபடி உலரவிட்டால் போதும். கழிக்க வேண்டிய பிளேடுகளையும், குறிப்பாக ஒடித்த பாதிகளையும், குப்பையில் அப்படியே போடுவது குப்பை அள்ளுகிறவரின் கையைக் கிழிக்கும் செயல். மூடியில் ஒரு கீறலிட்ட தகரடப்பாவில் சேர்த்துவைத்து, நிறைந்ததும் கீறலை அடைத்துக் கழிக்கலாம். ஈ கட்டும் சாமான்களோடு விமானத்தில் பயணம் செய்கிறவர்கள் கைப்பையை ஒருமுறை கொட்டிப் பார்ப்பது அவசியம். தனியாக இருக்கும் பிளேடுகளைக் கைப்பையில் அனுமதிப்பதில்லை, பதிவு செய்து அனுப்பும் பெட்டியிலேயே அவை போக வேண்டும். ரேசரிலிருந்து பிளேடைக் கழற்ற நினைவிருக்கும். நூற்கண்டுகளுக்கு அடியில் காகிதத்தோடு ஒதுங்கிக் கிடக்கும் பாதிப் பிளேடுதான் சோதனைச் சாவடியில் அகப்படும்.